பிளாட்டின லாரிகளுக்கு ரிட்டன் லோடு

எங்கள் ஊர்ப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பிளாட்டின மருந்தை லாரியில்தான் அனுப்புகிறார்கள். லாரி என்றால் கண்ணுக்குத் தெரியாத லாரி. ஒரு சொட்டுக்குள் பல கோடி லாரி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் உண்டு, கிளீனர் கிடையாது. முன்பெல்லாம் மருந்தை அப்படியே நரம்பில் ஊற்றிவிடுவார்கள். அது உடம்பெல்லாம் ஓடிக் கண்ட இடத்தையும் பொசுக்கிவிட்டு, நேரமிருந்தால் கட்டியையும் எட்டிப் பார்க்கும். இப்போது சரக்கை வண்டியில் ஏற்றி, கட்டியின் விலாசத்தைச் சொல்லி, ஊசி வழியாக உள்ளே விடுகிறார்கள். வண்டி நேராகப் போய்க் கட்டியின் வாசலில் இறக்கும். அப்படித்தான் ஆஸ்பத்திரிச் சுவரில் படம் போட்டிருக்கிறது. படத்தில் ரோடு காலியாக இருக்கிறது.

நான் சங்ககிரியில் லாரி புக்கிங் புரோக்கர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கிளீனராக ஏறி, அடிபட்டு மிதிபட்டுச் சொந்தமாக ஆபீஸ் போட்டவன். காலியான ரோட்டை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. அதனால் அந்தப் படத்தின்மேல் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கை இல்லை.

என் மனைவி சம்பூரணத்துக்கு அடிவயிற்றில் கட்டி. கட்டி வந்த பிறகும் அவள் பேச்சில் மாற்றம் ஒன்றும் இல்லை. "உங்களையவிட இது எவ்வளவோ பரவால்லீங் மாமா. இது கத்தறதில்ல" என்றாள்.

முதல் பாட்டில் ஏறியது. சம்பூரணம் குடம் குடமாக வாந்தி எடுத்தாள். பிறகு ஸ்கேன் பார்த்தார்கள். டாக்டர் மதிவதனன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். சின்ன வயசு. போகாத நாடில்லை, கட்டுரை வாசிக்காத மேடையில்லை.

"சரக்கு பெரும்பாலும் கல்லீரல்ல இறங்கியிருக்கு" என்றார்.

"கட்டிக்கு எவ்வளவுங்க போச்சு?"

"ஒரு சிட்டிகை போயிருக்கு. உலக அளவுல இது நல்ல சிட்டிகை."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. மேஜையைக் குத்தினேன். "ஏனுங், கரூருக்குப் போகவேண்டிய சிமெண்ட்டு நடுவழியில செக்போஸ்ட்ல இறங்கிப்போச்சு, கரூருக்கு ஒரு கரண்டி போயிருக்குது, உலகத் தரமான கரண்டீன்னு நான் பார்ட்டிகிட்டப் போய்ச் சொல்ல முடியுமா? செருப்பாலயே சாத்தமாட்டான்?"

"எலிக்கு முழுசாப் போச்சுங்க" என்றார் டாக்டர்.

பக்கத்து நாற்காலியில் அந்த எலி உட்கார்ந்திருந்தது. கட்டி குணமான எலி. ஆஸ்பத்திரியின் கௌரவ ஆலோசகர். வெள்ளை உடம்பு, கழுத்தில் சந்தன மாலை. டாக்டர் எதைச் சொல்வதானாலும் அதன் முகத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டுதான் சொல்வார்.

"எனக்கு ஒரே டிரிப்தான்" என்றது எலி. "மனசுல தெம்பு வேணும். நான் ஒரு நாளும் மனசு விடலை. உங்க வீட்டம்மாவையும் மனசு விடவேண்டாம்னு சொல்லுங்க."

"உனக்குக் கட்டிய வெச்சது யாரு?"

"டாக்டர்தான்."

"வெச்சவருக்கு எங்க வெச்சோம்னு தெரியாதா? அவருக்கு எடுக்கறது என்ன பெரிய வித்தை?"

எலி தன் டீயை ஊதிக் குடித்தது. "அதெல்லாம் நிர்வாக விஷயம்" என்றது.

இரண்டாவது பாட்டிலுக்கு டாக்டர் புது ஏற்பாடு செய்தார். வண்டிகளுக்கெல்லாம் தார்ப்பாய் போட்டு அனுப்புவதாம். உள்ளே என்ன சரக்கு என்றே கல்லீரலுக்குத் தெரியாதாம். "தார்ப்பாய் போட்ட வண்டியைத்தானுங்க செக்போஸ்ட்ல மொதல்ல ஓரங்கட்டுவான்" என்றேன். டாக்டர் எலியைப் பார்த்தார். எலி தலையை ஆட்டியது. தார்ப்பாய் போட்டார்கள்.

பாதி வண்டியைக் கல்லீரல் ஓரங்கட்டியது. மீதி வண்டி திசை திரும்பி நேரே கிட்னிக்குப் போய், யாரையும் கேட்காமல் சரக்கைத் தள்ளிவிட்டது. சம்பூரணத்தின் கால் வீங்கியது. விரல் நுனியில் உணர்ச்சி போய்விட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய கொதிக்கிற பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டு நின்றாள். நான்தான் பிடுங்கி வைத்தேன்.

டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "கிட்னி இன்னும் ஒரு பாட்டில் தாங்கும். அதுக்கு மேல தாங்காது. இந்த லோடு கட்டிக்குப் போய்ச் சேரலைன்னா..." என்றவர் எலியைப் பார்த்தார். எலி ஜன்னலைப் பார்த்தது.

ஆக, சம்பூரணம் இருப்பதும் போவதும் ஒரு பாட்டில் சரக்கு எந்த ஊரில் இறங்கும் என்பதில் நின்றது. இது எனக்குத் தெரிந்த தொழில்.

"டிரைவருககிட்ட நான் பேசோணும்" என்றேன்.

டாக்டர் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக் கொடுத்தார். "தாராளமாப் பேசுங்க. எங்க ஆராய்ச்சியில டிரைவரைச் சேர்க்கலை. அவ்வளவுதான்."

மறுநாள் காலை பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். ஊசியைக் குத்தி, திருகை மட்டும் திறக்காமல் வைத்திருந்தார்கள். சம்பூரணம் கட்டிலில் சாய்ந்தபடி எதிர்ச் சுவர் டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டூலில் ஏறி நின்று ஸ்டெதஸ்கோப்பைப் பாட்டிலில் வைத்தேன். உள்ளே எஞ்சின் உறுமுகிற சத்தம். நம்ம ஸ்டாண்டில் விடிகாலையில் நிற்பது போலவே இருந்தது. மனசுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"அங்க தலைவர் யாரப்பா?" என்றேன்.

"நாந்தானுங்ண்ணா. வையாபுரி."

"ஏம்பா வையாபுரி, கட்டிக்குப் போற சரக்கக் கல்லீரல்ல இறக்கறீங்களே, சோறு திங்கறீங்களா வேற எதாச்சும் திங்கறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்ண்ணா. கல்லீரல் பக்கம் சாப்பாடு நல்லா இருக்குதுங்க. மொதல் பாட்டில்ல போன பசங்க அங்கயே வீடு பாத்துட்டானுக."

"செக்போஸ்ட்ல புடிச்சு வெச்சுக்கறானா?"

"செக்போஸ்ட்டு எங்களுக்கென்னங்ண்ணா புதுசா? அவன நாங்க சமாளிச்சுக்குவோம். இறக்கறது நாங்களேதான் இறக்கறோம். கட்டி வரைக்கும் போனா ரிட்டன் லோடு இல்லீங்களே. காலி வண்டிய எப்படிங்ண்ணா திருப்பி ஓட்டிட்டு வர்றது? ஓனர் ஒத்துக்குவாரா? நீங்களே சொல்லுங்க."

அவன் சொன்னதில் தப்பே கிடையாது. ரிட்டன் லோடு இல்லாத ஊருக்கு என் சொந்த வண்டியையே நான் அனுப்பமாட்டேன். அனுப்பினதும் இல்லை. அப்படிப்பட்ட ஊர்க்காரன் எவனாவது போன் பண்ணினால், வண்டி எல்லாம் லைனில் போயிருக்கிறது என்று சொல்லி வைத்துவிடுவேன்.

"சேரி. கட்டீல ஏத்தறதுக்கு என்ன இருக்குது?"

"கட்டியே சரக்கு வெச்சிருக்குதுங்க. சின்னச் சின்னக் கட்டி. நுரையீரலுக்கு அனுப்போணும், எலும்புக்கு அனுப்போணும்னு கேட்டுக்கிட்டே இருக்குது. வாடகையும் நல்லாக் குடுக்குது."

"அதைத் தொட்டீன்னா பாட்டிலோட ஒடச்சுப்போடுவேன் பாத்துக்க."

"தெரியுமுங்ண்ணா. அதான் தொடாம வர்றோம். வேற லோடு நீங்க போட்டுக் குடுங்க, கட்டிக்கே போய் இறக்கறோம். எங்களுக்கென்ன அந்தக்கா மேல விரோதமா?"

பேரத்தில் உட்கார்ந்துவிட்டால் எனக்கு வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேச வழியில்லாத ஆட்களோடு பேசுவது இதுதான் முதல் தடவை. ஆனாலும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டேன்.

"தலைமுடி தர்றேன். பூராவும் ஏத்திக்க. முட்டிக்குக் கீழ வரைக்கும் இருக்குது."

"முடி வேண்டாமுங்ண்ணா. பஞ்சு லோடு மாதிரி. வண்டி ரொம்பீரும், எடை நிக்காது. வாடகை கட்டாது."

"நாக்கு ருசி?"

"அழுகற சரக்குங்க. வழியிலயே கெட்டுப்போயிரும். வாங்கறவன் மூஞ்சியச் சுளிப்பான்."

"விரல் நுனியத்தான் ஏற்கெனவே எடுத்துட்டீங்களே."

"அது சேம்பிளுக்குப் பசங்க எடுத்தானுக. மார்க்கெட்ல போணி ஆகலைங்ண்ணா." வையாபுரி தொண்டையைச் செருமினான். "காது கேக்கறதக் குடுங்க. காஞ்ச சரக்கு, உடையாது, எந்த ஊருக்கு வேணாலும் போகும். கிட்னி ரோடு இப்பப் படுமோசம், அந்தப் பக்கமே வரமாட்டோம். கட்டீல இறக்கீட்டு மேல ஏறி, காதுல லோடப் போட்டுக்கிட்டு, காது வழியாவே வெளிய வந்தர்றோம்."

கிட்னிப் பக்கமே வரமாட்டோம் என்று அவன் வாயாலேயே சொன்னதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும். "ரெண்டு காதும் எடுத்துக்க" என்றேன்.

"ஏனுங்." சம்பூரணம் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அந்தக் காது யாரோடதுங்க?"

நான் ஸ்டூல்மேல் நின்றபடி திரும்பினேன். பார்ட்டியைக் கேட்காமல் சரக்கைப் பேசிவிட்டேன். தொழிலில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். பார்ட்டி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தது இல்லை.

"உசுரு பெருசா காது பெருசா புள்ள?" என்று கத்தினேன்.

"உசுருதான் பெருசு. அதுக்காகக் காதக் கொட்டிக் குடுத்தர்றதா? முப்பது வருசமாத் தக்காளிக்காரன்கிட்ட ஒரு தக்காளி சேத்தி வாங்குனவ நான். இறங்குங்க கீழ. அந்தக் கொழாயக் குடுங்க."

கொடுத்தேன். அவள் எட்டிப் பாட்டிலைக் கிட்டே இழுத்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். உள்ளே பேசுவது வெளியிலும் கேட்கிற அளவுக்கு வையாபுரியின் குரல் இப்போது பணிவாகப் பெரிதாயிற்று.

"கண்ணு வையாபுரி, சாப்டியா?"

"ஆச்சுங்க்கா."

"எம் பேரன் பேசறது எனக்குக் கேக்கோணும். மழை கேக்கோணும். சீரியல் கேக்கோணும். குக்கர் விசில் கேக்கோணும், இல்லீன்னா ஊடு பத்திக்கும். இதெல்லாம் தரமுடியாது. இந்த மனுசன் பேசறது கேக்குது பாரு, அந்தக் காத மட்டும் எடுத்துக்க."

பாட்டிலுக்குள் எஞ்சின் சத்தம் அடங்கியது. உள்ளே கலந்து பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது.

"அது எவ்வளவு லோடுங்க்கா வரும்?"

"கல்யாணத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும். நீ கேட்டீல்ல, ஸ்டூல்மேல நின்னு பேசுனாரே, அதுமாதிரி தெனமும்."

"ஓவர்லோடு ஆயிருமேங்க்கா."

"ரெண்டு நடையா அடி."

"டிவி சத்தத்தக் குடுத்தா என்ன?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"டிவியவா? நல்ல கதையா இருக்குது" என்றாள் சம்பூரணம். "நாளைக்குத்தான் அந்தப் புள்ளைக்கு உண்மை தெரியப்போகுது."

"வையாபுரி, பாதிக் காது எடுத்துக்க. நான் மெதுவாப் பேசறது அவளுக்குக் கேக்கட்டும், கத்தறத நீ ஏத்திக்க."

"மெதுவாப் பேசறது எவ்வளவுங்ண்ணா இருக்கும்?"

நான் யோசித்தேன். சம்பூரணமும் யோசித்தாள். வையாபுரி காத்திருந்தான்.

"அதுக்குத் தனியா வண்டி வேண்டாமுங்ண்ணா" என்றான் அவனே. "ஒண்ணாவே போட்டுக்கறோம்."

பேரத்தில் நான் தோற்றதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்படி ஒரு படுக்கையோரத்தில், என் குரலையே எடை போட்டு யாரும் என்னிடமே பேசினதில்லை. கோபம் வந்தது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சம்பூரணத்தின் கால் வீக்கத்தைப் பார்த்தேன். விரல் கொப்புளத்தைப் பார்த்தேன். எங்கள் லைனில் இரண்டு பக்கமும் பேசி முடித்த பிறகு புரோக்கர் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் எந்த வண்டியும் நகராது. சொல்லிவிட்டால் அப்புறம் மாற்றமே கிடையாது.

"முடிஞ்சுது" என்றேன்.

சம்பூரணம் கடைசியாக என்னிடமிருந்து கேட்ட வார்த்தை அதுதான்.

டாக்டர் வந்து திருகைத் திறந்தார். சொட்டு இறங்கியது. பேசி முடித்த சரக்கைப் புழங்கக்கூடாது என்று மூன்று நாளைக்கு நான் அவளிடம் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவள் வாந்தி எடுக்கவில்லை. கிட்னி ஒரு புகாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் காதில் கையை வைத்துக்கொண்டு, "கூசுதுங் மாமா" என்றாள். வண்டிகள் வெளியே வந்துகொண்டிருந்தன. தலையணை உறையெல்லாம் டயர் தடம். நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே உறையை மாற்றினார்.

ஸ்கேனில் கட்டி இல்லை. அந்த இடத்தில் கிழிந்த தார்ப்பாய் கொஞ்சமும், வண்டி நிறுத்தின எண்ணெய்க் கறையும் மட்டும் இருந்தன.

"தார்ப்பாய் வேலை செஞ்சிருச்சு" என்றார் டாக்டர் மதிவதனன்.

ஆஸ்பத்திரியில் விழா வைத்தார்கள். டாக்டருக்குக் கேடயம். எலிக்குப் பொன்னாடை. எலி மைக் முன்னால் பின்னங்காலில் நின்று, தன்னுடைய அனுபவம் மனித குலத்துக்கும் பயன்பட்டதில் மகிழ்ச்சி என்றது. குணமான ஆளும் மேடைக்கு வரவேண்டும் என்று ஒரு பேச்சுக்காவது சொல்வார்கள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. எலிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் எழுந்து நின்று, "போனது டிரைவருகடா! பேசுனது எம் பொண்டாட்டிடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சம்பூரணம் மட்டும் எலிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்தோம். அவளுக்கு எல்லாம் கேட்டது. பால்காரனின் சைக்கிள் மணி, பேரன் போனில் சொல்கிற கதை, அடுத்த தெருவில் யார் யாரோடு சண்டை என்பது வரைக்கும் கேட்டது. நான் பேசினால் மட்டும் என் வாய் அசைவதைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், பிறகு சாமான் துலக்கப் போய்விடுவாள். ஆபீசிலிருந்து போன் பண்ணினால், "யாரோ பேசாமலே இருக்கறாங்க" என்று வைத்துவிடுவாள். பேரனின் சிலேட்டை வாங்கி எழுதிக் காட்டினேன். படித்துப் பார்த்தாள். "எழுத்துலயும் கத்தறீங்க" என்று சொல்லித் துடைத்துவிட்டாள்.

அவள் உடம்பு தேறியது. கன்னம் பூசினாற்போல் ஆனது. என்னோடு முன்னைவிட அதிகமாகப் பேசுகிறாள். கேள்வி கேட்டு, நான் சொல்லியிருக்கக்கூடிய பதிலைத் தானே சொல்லி, அதற்கு எதிர்ப்பேச்சும் பேசி, அதில் ஜெயித்துவிட்டுத் தூங்கப் போகிறாள். அவள் சொல்கிற என் பதில்கள் எல்லாம் மரியாதையாக இருக்கின்றன.

கிட்னிக்காக உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் தனக்கும் எனக்கும் சேர்த்தே குறைத்துவிட்டாள். ரசம் வாயில் வைக்க விளங்கவில்லை. தினமும் சாப்பாட்டில் உட்கார்ந்ததும், "ரசத்துல உப்பில்ல! மனுசன் திங்கறதா இது!" என்று கத்துவேன். அவள் இன்னொரு கரண்டி ஊற்றுவாள்.

ஒரு நாள் காலையில் ஆபீஸ் வாசலில் தூத்துக்குடி லாரி ஒன்று வந்து நின்றது. பெரிய லாரி. நான் புக் பண்ணின வண்டி இல்லை. டிரைவர் இறங்கி வந்து, சட்டையை உதறிக்கொண்டார்.

"அண்ணாச்சி, சம்பூரணம் அக்கா வீட்டுக்காரரு நீங்கதானா?"

"நாந்தான். என்ன லோடு?"

"உப்பு. எங்கூரு ஜெபசீலி டீச்சர் கொடுத்து விட்டாவ. ரிட்டயர்டு ஆகித் தனியா இருக்காவ. மார்க்கெட்டுல காது ஒண்ணு மலிவா கெடைக்கின்னு வாங்கினாவளாம். வாங்கின நாள்ல இருந்து உப்பில்ல உப்பில்லன்னு மத்தியானம் ஆனாக் கேக்காம். அவியளுக்கு ஒரு வாய் சோறு எறங்கல. விலாசமும் நீங்க போன்ல கத்துனதுல கேட்டதுதான். பாவம், யாரோ ஒரு மனுசன் கெடந்து கத்துதாரு, ஒரு லோடு கொண்டுபோயி எறக்கிட்டு வான்னாவ."

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். லாரி நிறைய வெள்ளைச் சாக்கு. ஆட்கள் நிழலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், வந்து மூட்டைய இறக்குங்கடா!" என்றேன்.

டிரைவரின் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். "சரி டீச்சர், சரி டீச்சர்" என்றார். பிறகு போனை நெஞ்சில் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மெதுவாச் சொல்லலாமாம், அண்ணாச்சி."

நான் கையைக் காட்டினேன். உப்பு இறங்க ஆரம்பித்தது.